அறுபதாவது அடியில்

2021 நவம்பர் 9, செவ்வாய்

மூன்றாவது நாளாக மழை. திருச்செங்கோடே சந்தோஷமாக இருக்கிறது. ஏரிக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று பால்காரர் வாசலில் நின்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டுப் போனார். போர் போடும் வண்டி வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு மழை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. கிணறு நிறைந்தவன் எங்களை எதற்குக் கூப்பிடுவான்? போதாததற்கு டீசல் விலை. ஆந்திராவில் நின்ற வண்டி, மத்தியப் பிரதேசத்தில் நின்ற வண்டி, இரண்டுமே நேற்று ஷெட்டுக்குத் திரும்பிவிட்டன.

பத்தொன்பது வருடமாக இந்த மாதிரி டயரிகளில் நான் எழுதி வந்தது ஊர்ப் பெயரும் அடிக்கணக்கும்தான். கர்னூல், 740 அடி. சிந்த்வாரா, 610 அடி. இன்று எழுத ஊர் இல்லை. அதனால் வீட்டைப் பற்றி எழுதுகிறேன்.

காலையில் ராகிக் களி. எங்கள் வீட்டுக்காரர் பாதியில் கை கழுவிவிட்டார்.

நவம்பர் 13, சனி

வண்டியில் வேலை செய்த ஜார்க்கண்ட் ஆட்கள் எட்டு பேரையும் ரயில் ஏற்றிவிட்டோம். ஆளுக்கு ஒரு புளிசாதப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். மாதப்பன் மட்டும் போகவில்லை. தர்மபுரிக்காரர். எங்கள் முதல் வண்டியில் துளைக்கிற இரும்பு ராடு தூக்க வந்தவர், இப்போது வண்டியை இயக்கும் டிரில்லர். "நான் எங்கக்கா போறது, ஷெட்லயே கெடக்கறேன்" என்றார்.

நவம்பர் 22, திங்கள்

ஃபைனான்ஸ்காரர்கள் இரண்டாவது வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். சத்தம் சண்டை எதுவும் இல்லை. வந்தவர்களுக்கு அவரே நாற்காலி போட்டார். சாவியைக் கொடுக்கும் முன் கேபினுக்குள் ஏறி, சாமி படத்தை மட்டும் கழற்றிக்கொண்டு இறங்கினார்.

நவம்பர் 23, செவ்வாய்

துணி துவைத்தேன். காயவில்லை.

நவம்பர் 27, சனி

சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து போகிறார்கள். எல்லோரிடமும் ஒரு யோசனை இருக்கிறது. ஒருவர் பேட்டரி ஸ்கூட்டர் ஷோரூம் வை என்கிறார். ஒருவர் நாட்டுக்கோழிப் பண்ணை. ரிக் வண்டி ஓனர் சங்கத்துத் தலைவர் ரத்தினசபாபதியும் வந்திருந்தார். "காலத்துக்குத் தகுந்தாப்புல மாத்திக்கோணும் வேலு. தைரியமா இரு" என்று அவர் தோளில் தட்டினார். எங்கள் வீட்டுக்காரரின் முழுப் பெயர் செங்கோட்டுவேல். அவரை வேலு என்று கூப்பிடும் மூத்தவர்களில் இவரும் ஒருவர்.

தட்டிய கைக்கு அவருடைய தோள் ஒரு மூட்டையைப் போல அசைந்துகொடுத்தது. நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நவம்பர் 30, செவ்வாய்

தோட்டத்துக் கொட்டகையைச் சுத்தம் செய்தேன். பருத்திக்கு அடித்து மிச்சமிருந்த மருந்து டப்பாக்களை எல்லாம் மாதப்பனிடம் கொடுத்து அப்புறப்படுத்தச் சொன்னேன். வீணாக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன.

டிசம்பர் 5, ஞாயிறு

அவர் தினமும் மத்தியானம் மலைப் பக்கம் நடக்கப் போகிறார். நல்லதுதான், சர்க்கரைக்கு நடை நல்லது. மாதப்பனும் கொஞ்சம் நடக்கட்டும் என்று, தள்ளி நின்று கூடவே போகச் சொல்லியிருக்கிறேன்.

ஈரோட்டிலிருந்து மகள் போன் செய்தாள். "அப்பா எப்படிம்மா இருக்காரு?" "நல்லா இருக்காரு" என்றேன். கொள்ளுப் பருப்பு கடைந்தேன். உப்பு கூடிவிட்டது.

டிசம்பர் 11, சனி

மத்தியானம் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் மலையிலிருந்து வந்து எதிரில் உட்கார்ந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவராகவே பேசினார்.

"எதுக்குப் புள்ள மாதப்பனை எம்பின்னாடி அனுப்பறே?"

நான் கூடையிலிருந்து அடுத்த காயை எடுத்தேன்.

"கொட்டாய்ல மருந்து டப்பாவையும் காணோம்."

"இடத்தை அடைச்சுட்டு இருந்துச்சுங்க."

அவர் ஒரு அவரைக்காயை எடுத்து நார் உரித்தார். இருபத்தாறு வருடத்தில் அவர் காய் ஆய்ந்து நான் பார்த்ததில்லை. சரி, இன்று கேட்காவிட்டால் என்றைக்கும் கேட்க முடியாது என்று தோன்றியது. கேட்டுவிட்டேன்.

"சாகலாம்னு நெனச்சீங்களா?"

"நெனச்சனா இல்லையானே தெரியல சாந்தா. காலைல கண்ணு முழிச்சா எதுக்கு முழிச்சோம்னு இருக்குது. அவ்வளவுதான்."

இத்தனை நாளும் இந்த வார்த்தையைத்தான் இந்த டயரியில் எழுதாமல் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். அவர் வாயால் கேட்ட பிறகு பயம் குறைந்தது. அதிசயம்தான்.

"நாளன்னிக்கு ஈரோட்டுல டாக்டரைப் பாக்கறோம்."

"எனக்கென்ன பைத்தியமா?"

"சக்கரைக்கு மாத்திரை போடறீங்கல்ல? அப்படித்தான் இதும்."

அவர் மறுக்கவில்லை. கூடையில் இருந்த காய் முழுவதையும் இருவருமாக ஆய்ந்து முடித்தோம்.

டிசம்பர் 13, திங்கள்

டாக்டர் சின்ன வயசுப் பெண். அவரிடம் முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "மாத்திரை வேலை செய்ய மூணு நாலு வாரம் ஆகும். அதுவரைக்கும் யாரும் வந்து தைரியமா இரு, மாத்திக்கோ, அப்படின்னு சொல்லாம பாத்துக்குங்க. பெரிய முடிவு எதும் வேண்டாம். சின்னச் சின்ன வேலை குடுங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் இருவரும் கரும்புச்சாறு குடித்தோம். மகளுக்கு உண்மையைச் சொன்னேன். அழுதாள். பிறகு, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லம்மா" என்றாள். சொல்லியிருக்கலாம்.

2022 ஜனவரி 4, செவ்வாய்

சமையலறைக் குழாய் ஒழுகியது. அவரே சரிசெய்தார். சாமான் வாங்கக் கடைக்கும் அவரே போனார்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது மாதப்பன் ஒரு விஷயம் சொன்னார். வாரங்கல் பக்கம் வேலை செய்தபோது பார்த்ததாம். பழைய போருக்குள் கேமராவை வயரில் கட்டி இறக்குகிறார்கள். மேலே டிவி மாதிரி ஒரு பெட்டி. உள்ளே எங்கே மண் சரிந்திருக்கிறது, எங்கே மோட்டார் மாட்டியிருக்கிறது, எங்கே ஊற்று என்று அத்தனையும் தெரிகிறதாம்.

"மழையில பூமிக்குள்ள தண்ணி ஏறியிருக்குதுங்கண்ணா. ஆனா பாதி போருக்குள்ள மண்ணு அடைச்சுக் கெடக்குது. புது போரு யாரும் போட மாட்டாங்க. பழசைத் தொறந்து குடுத்தா வேண்டாம்பாங்களா? நம்ம வண்டி ஒண்ணு சும்மாதானே நிக்குது?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆயிரம் அடி போட்ட வண்டியக் கொண்டு போயி சாக்கடை தூர்வார்ற மாதிரி தூர்வாரச் சொல்றியா?"

டாக்டர் சொன்னது நினைவிருந்தது. ஆனால் அவருக்குக் கோபம் வந்ததைப் பார்த்தேன். இரண்டு மாதமாக அவர் முகத்தில் அதுகூட இல்லை.

ஜனவரி 17, திங்கள்

பொங்கல் முடிந்தது. மகளும் மருமகனும் வந்துவிட்டுப் போனார்கள். அவர் மூன்று நாளும் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அவரிடம் சொல்லாமல் மாதப்பனையும் அழைத்துக்கொண்டு கோயம்புத்தூர் போய்க் கேமரா விற்கிற கடையைப் பார்த்தேன். வாங்கவில்லை. இரண்டு மாத வாடகைக்கு எடுத்தேன். கடைக்காரர் எனக்குத்தான் சொல்லிக் கொடுத்தார். மாதப்பன் பெட்டியைத் தொடவே பயந்தார். வயர் சுற்றிய சக்கரத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு எண் ஓடுகிறது. கேமரா எத்தனை அடியில் இருக்கிறது என்பது திரையின் மூலையில் தெரியும்.

பெட்டியை வீட்டில் மேஜைமேல் வைத்தேன். அவர் அதைத் தாண்டித் தாண்டிப் போனார். நான்காவது தடவை நின்று, "இது எத்தனை அடி போகும்?" என்று கேட்டார்.

ஜனவரி 28, வெள்ளி

யாருடைய போரில் முதலில் இறக்குவது? மாதப்பன் மல்லசமுத்திரம் போகிற வழியில் இருக்கும் காளியண்ணன் காட்டைச் சொன்னார். 2013இல் எங்கள் வண்டி போட்ட போர். முதல் வருடம் தண்ணீர் நன்றாக வந்தது. அப்புறம் குறைந்து குறைந்து நின்றுவிட்டது. காளியண்ணன் காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டு நூல்மில்லில் வாட்ச்மேன் வேலைக்குப் போகிறார். ஆனால் பக்கத்துக் காட்டு போரில் இப்போது நூற்றைம்பது அடியிலேயே தண்ணீர் நிற்கிறதாம்.

"ஓசியில பாத்துக் குடுக்கறோம்னு சொன்னேன். சரின்னுட்டாருங்க" என்றார் மாதப்பன்.

நான் வேறு ஆள் யாரும் இல்லையா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று மாதப்பன் கேட்கவில்லை. புதன்கிழமை போகிறோம்.

பிப்ரவரி 2, புதன்

போனோம். அவரும், சும்மா பார்க்க வருகிறேன் என்று கிளம்பினார். காளியண்ணன் மில்லில் பகல் வேலை. அவர் மனைவி பாவாயி மட்டும் காட்டில் இருந்தார். எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

கேமரா இறங்கியது. திரையில் இரும்புக் கேசிங் பைப்பின் உள்பக்கம், துருப்பிடித்து, வட்டமாக. இருபது அடி. நாற்பது. அவர் என் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதாவது அடியில் பைப் முடிந்தது. அதற்குக் கீழே வெறும் மண் சுவர், சரிந்து சரிந்து பெரிய பொந்தாக. எழுபத்திரண்டுக்குக் கீழே வழி இல்லை. மண் அடைத்துக் கிடந்தது.

மாதப்பன் தலையைத் திருப்பிக்கொண்டார். எங்கள் வீட்டுக்காரர் கை நீட்டித் திரையை அணைத்தார்.

பாவாயி ஆடுகளோடு திரும்பி வந்து, "என்னங்க தெரிஞ்சுது?" என்று கேட்டார். "மண்ணு அடைச்சிருக்குது. பாத்துட்டுச் சொல்றோம்" என்று நான்தான் சொன்னேன்.

இன்று இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 3, வியாழன்

எழுத இருக்கிறது.

கேசிங் பைப் என்பது மேலே இருக்கிற மண் சரிந்து போருக்குள் விழாமல் இருக்க இறக்குவது. பாறை தட்டும் வரை இறக்க வேண்டும். ஒரு பைப் இருபது அடி. காளியண்ணன் காட்டில் பாறை தொண்ணூற்றெட்டு அடியில். ஐந்து பைப் இறக்கியிருக்க வேண்டும். மூன்றுதான் இறங்கியிருக்கிறது.

இன்று பழைய பில் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பார்க்கத் தேவையே இல்லை, எனக்குத் தெரியும். "கேசிங் பைப் 5, நூறு அடி." என் கையெழுத்து.

அந்தக் காலத்தில் எல்லா வண்டியிலும் நடந்ததுதான். ஒரு நாளைக்கு இரண்டு போர் முடிக்க வேண்டும், போட்டி அப்படி. பைப் மிச்சமானால் அடுத்த போருக்கு ஆகும். மாதப்பன் மாலையில் அடிக்கணக்கு எழுதிய துண்டுச் சீட்டு கொண்டுவருவார். அதில் மூன்று இருக்கும். பில்லில் நான் ஐந்து என்று எழுதுவேன். யாரும் என்னிடம் அப்படி எழுது என்று தனியாகச் சொன்னதுகூட இல்லை. அது தெரிந்த விஷயமாக இருந்தது. எல்லாப் போரிலும் அப்படிச் செய்யவில்லை. எத்தனை போரில் என்று கேட்டால் சொல்ல முடியாது.

நான் ஒருத்தருக்கும் கெடுதல் நினைத்ததில்லை என்று கோயிலில் வேண்டிக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு.

பிப்ரவரி 5, சனி

இரண்டு நாளாக அவர் அறையை விட்டு வரவில்லை. மாத்திரையை என் எதிரில்தான் போடுகிறார், அது ஒரு நிம்மதி. டாக்டருக்குப் போன் செய்தேன். கூட இருங்கள், பேச விடுங்கள் என்றார். வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். கேமராவை வீட்டுக்குள் கொண்டுவந்தது நான்தான். அவரை வேலைக்கு இழுத்து எழுப்பப் பார்த்தேன். எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்?

பிப்ரவரி 6, ஞாயிறு

காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"காளியண்ணன் இன்னைக்கு வீட்டுலதான் இருப்பாரு. போயிச் சொல்லிட்டு வந்தர்றேன்."

"என்னன்னு?"

"மூணு பைப்புதான் எறக்குனோம்னு."

நான் தடுத்தேன். அதை ஒளிக்காமல் எழுதுகிறேன். "வேண்டாமுங்க. மண்ணை எடுத்துட்டு, உள்ள வேற பைப் எறக்கிக் குடுத்துருவோம். காசு வாங்க வேண்டாம். எதுக்குச் சொல்லோணும்? ஊரெல்லாம் பேச்சாயிரும். இருக்கற ஒரு வண்டிக்கும் வேலை வராது" என்றேன்.

"கேமராவை நீதானே சாந்தா உள்ள எறக்குனே?"

"பொளப்புக்குத்தானுங்க எறக்கினேன்."

"நானும் பொளப்புக்குத்தான் சொல்றேன். ஊருக்கே போருக்குள்ள என்ன இருக்குதுன்னு காட்டறதுதான் இனி நம்ம தொழில்ங்கறே. நம்ம போட்டதை மட்டும் மூடி வெச்சா அந்தப் பொட்டிய எவன் நம்புவான்? எனக்கே நம்பிக்கை வராது." செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார். "மூணு மாசமா எதுக்கு எந்திரிக்கறோம்னு தெரியாம எந்திரிச்சேன். இன்னைக்குத் தெரிஞ்சுது. போவட்டுமா?"

போகச் சொன்னேன். மாதப்பனும் போனார்.

மத்தியானம் திரும்பினார்கள். காளியண்ணன் முழுவதையும் கேட்டாராம். பிறகு, "எட்டு வருசமுங்க" என்றாராம். இரண்டு மாட்டை விற்றதையும் மகனைப் படிப்பை நிறுத்தித் தறிக்கு அனுப்பியதையும் கோபமில்லாமல் சொன்னாராம். கடைசியில், "தண்ணி பூமியில இல்லைன்னு சாமியத் திட்டிக்கிட்டிருந்தேன். கெளம்புங்க" என்று கதவைச் சாத்திவிட்டாராம்.

எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். மாதப்பன்தான் ஷெட்டில் உட்கார்ந்து அழுதார்.

பிப்ரவரி 11, வெள்ளி

பேச்சு பரவிவிட்டது. ரத்தினசபாபதி போனில் கத்தியது எனக்கே கேட்டது. "நீ யோக்கியனாகறதுக்கு நாங்கெல்லாம் திருடனாகோணுமா? சங்கத்துல நூறு வண்டி நிக்குதுடா. எவனும் வேலைக்குக் கூப்பிட மாட்டான் இனி!"

அவர் அமைதியாகத்தான் பதில் சொன்னார். "இப்பவும் எவனும் கூப்பிடலீங்கண்ணா. வண்டி நின்னுட்டுத்தான் இருக்குது. நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நீங்க போட்ட போரு ஒவ்வொண்ணும் எங்க இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். ஆபீஸ்ல புஸ்தகம் இருக்கும். அதையெல்லாம் போயித் தொறந்து குடுங்க. அஞ்சு வருசத்துக்கு வேலை இருக்குது. வேணும்னா எங்க கேமராவைத் தர்றேன்."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

மூன்று நாளில் எங்களை ஏழு பேர் கூப்பிட்டுத் திட்டினார்கள். நான்கு பேர் கூப்பிட்டு, எங்கள் போரையும் வந்து பாருங்கள் என்றார்கள். அந்த நாலில் இரண்டு எங்கள் வண்டி போட்டது. பில்லை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் கணக்குச் சரி. ஒன்றில் இல்லை. சரியில்லாததற்குக் கூலி கிடையாது என்று அவர் எழுதிவைத்தார். டீசலுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். மற்ற மூன்றில் வரும் என்றார்.

பிப்ரவரி 16, புதன்

காலை பதினோரு மணி. நான் ஆபீஸ் அறையில் பில் புத்தகங்களை வருடவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். பாவாயி வந்து நின்றார். எதிரில் நாற்காலி காட்டினேன். உட்காரவில்லை.

"போரைச் சரி பண்ணிக் குடுங்க. எங்கூட்டுக்காரரு வேண்டாங்கறாரு. உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேங்கறாரு. நாந்தான் வந்தேன். காசு தர மாட்டோம்."

"காசு வேண்டாங்க" என்றேன். "வர்ற புதன்கிழமை வண்டி வரும்." பிறகு, எங்கள் வீட்டுக்காரர் மட்டும் போய்ச் சொல்லிவிட்டு வந்தது போதாது என்று தோன்றியது. "பாவாயி, அன்னைக்கு பில்லுல அஞ்சுன்னு எழுதுனது நானுங்க. மூணுன்னு தெரிஞ்சேதான் எழுதுனேன்."

"தெரியுமுங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பைப்பு எறக்கறப்ப பக்கத்துல நின்னு எண்ணுனேன். மூணுதான் எறங்குச்சு. எங்கூட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். வண்டிக்காரங்களோட எதுக்கு வம்பு, உனக்கென்ன தெரியும்னுட்டாரு. அப்பறம் பில்லைப் பாத்தேன், அஞ்சுன்னு இருந்துச்சு. பஸ் ஏறி இங்க வந்தேன்."

"இங்கயா?"

"உங்ககிட்டத்தானுங்க அக்கா கேட்டேன். இதே ரூமு. நீங்க தண்ணி குடுத்தீங்க. குடிச்சேன். அஞ்சுதான் எறங்குச்சு, நீங்க தப்பா எண்ணியிருப்பீங்கன்னு சொன்னீங்க. சிரிச்சுட்டுத்தான் சொன்னீங்க. நானும் ஒருவேளை தப்பா எண்ணிட்டனோன்னு நெனச்சுட்டேன். எட்டு வருசமா அந்தக் கணக்குதான் மனசுக்குள்ள. ஒண்ணு, ரெண்டு, மூணு. எப்படி எண்ணுனாலும் மூணுதான் வருது."

எனக்கு நினைவில்லை. காலையிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். அவர் முகம், புடவை, தண்ணீர் கொடுத்த டம்ளர், எதுவும் நினைவில்லை. நான் மறைத்த விஷயங்களை இந்த டயரியில் ஒவ்வொன்றாக எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மறந்துபோனதை எப்படி எழுதுவது? இன்னும் எத்தனை பேர் இந்த அறைக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள்?

மன்னிப்புக் கேட்டேன். அவர், "புதங்கெழம எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 23, புதன்

முதலில் தண்ணீர் வந்ததை எழுதிவிடுகிறேன். மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தது. இருநூற்றுப் பத்து அடியில் ஊற்று. முதலில் சேறு, அப்புறம் செம்மண் கலங்கல், அப்புறம் தெளிந்துவிட்டது. காளியண்ணன் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்து, வேப்பமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் எழுந்து வந்து கால் நனைத்தார். வாய்க்காலில் எட்டு வருடக் குப்பை. மண்வெட்டி எடுத்துக்கொண்டு வெட்டப் போய்விட்டார். அவர் மன்னிப்பார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

இனி காலையில் நடந்தது.

ஏழு மணிக்கே வண்டியை நிறுத்திவிட்டோம். லீவர் பக்கம் எங்கள் வீட்டுக்காரரே நின்றார். மாதப்பன் ராடு மாட்ட, இவர் அதட்ட, பழைய சத்தம். அடைத்திருந்த மண் முழுவதையும் காற்றடித்து மேலே கொண்டுவர மூன்று மணி நேரம் ஆனது. நான் கேமராவை இறக்கிக் காட்டினேன். பாறை தெளிவாகத் தெரிந்தது. அடுத்து, பழைய இரும்புப் பைப்புக்கு உள்ளேயே சின்ன பிளாஸ்டிக் பைப்பை மேலிருந்து பாறை வரைக்கும் இறக்க வேண்டும்.

அப்போது பாவாயி ஆடுகளைக் கட்டிவிட்டு வந்து போர்க்குழிக்குப் பக்கத்தில், மாதப்பனை இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவர் நின்ற இடத்தில் நின்றார்.

"எல்லாரும் சித்த சத்தம் போடாம இருங்க" என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் இன்ஜினை நிறுத்தினார். காடு அமைதியாகிவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் பில் புத்தகத்தைத் திறந்தேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டேன்.

முதல் பைப் இறங்கியது.

"ஒண்ணு" என்றார் பாவாயி, காட்டின் அந்த முனைக்கே கேட்கும்படி.

இணைப்புக்குப் பசை தடவிப் பொருத்திக் காயவிட்டு, அடுத்ததை இறக்கினார்கள்.

"ரெண்டு."

வேப்பமரத்தடியில் காளியண்ணன் தலையைத் திருப்பினார்.

"மூணு."

அதற்குப் பிறகு பாவாயி நிறுத்தினார். மாதப்பன் நான்காவது பைப்பைத் தோளில் வைத்துக்கொண்டு காத்து நின்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை. பாவாயி என்னையே பார்த்தார். நானும் பார்வையைத் திருப்பவில்லை. பிறகு அவர் கையசைத்தார். பைப் இறங்கியது.

"நாலு."

அடுத்தது இறங்கிப் பாறையில் உட்கார்ந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பாவாயி குனிந்து, பைப்பின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அஞ்சு" என்றார்.

ஐந்து என்று எழுதினேன்.